கழுவெளிப் பறவைக் கணக்கு: கூட்டல் சரி, பொருள் என்ன?

தை பிறந்த சில நாட்களில், சில ஆண்டுகளில் மாசியிலோ பங்குனி நெருங்கும்போதோ, நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்துவிடுகிறது. மரக்காணத்தை அடுத்த கழுவெளியில் நீர்ப்பறவைகள் கணக்கெடுக்கப்பட்டன; இத்தனை ஆயிரம் பறவைகள், இத்தனை இனங்கள்; சென்ற ஆண்டைவிட அதிகம், அல்லது குறைவு. கூடவே பூநாரைக் கூட்டத்தின் படம் ஒன்று. அதிகம் என்றால் படித்தவர்கள் மகிழ்கிறார்கள், குறைவு என்றால் கவலைப்படுகிறார்கள். விஷயம் அதோடு முடிந்துவிடுகிறது.

அந்த எண்ணைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். நூலையும் நாடகத்தையும் விமர்சிப்பதுபோல ஓர் எண்ணை விமர்சிக்கலாமா என்று வாசகர் கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். எண்ணும் ஒருவகைக் கூற்றுத்தான். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யாரை எந்த முடிவுக்குத் தள்ளுகிறது என்று கேட்பது அறிவியல் படிப்பவர்களின் கடமையுங்கூட. விடியுமுன் எழுந்து சேற்றில் கால் புதைய நடந்து கணக்கெடுக்கும் வனத்துறைப் பணியாளர்களையும் தன்னார்வலர்களையும் மாணவர்களையும் குறை சொல்வது நம் நோக்கமன்று. அவர்கள் பட்ட பாடு முழுவதும் ஒரே ஓர் எண்ணுக்குள் கரைந்து போகிறதே என்பதுதான் நம் வழக்கு.

இடத்தின் இயல்பு

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணத்தில் உப்பளங்களும் கடலும் எதிர்ப்படும். அதற்குத் தென்மேற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு உட்புறமாக, புதுச்சேரித் திசையில் நீண்டு கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பே கழுவெளி. தமிழகக் கரையில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு என்று இதைச் சொல்வார்கள். பெயர் இந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. கடலோரத் தாழ்நிலத்தில் மழைநீர் பரந்து தேங்கும் வெளிக்குப் பொதுவாக வழங்கிய பெயர் அது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அக்காலத்தில் கழுவெளி என்றே அழைத்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. சுற்றுவட்டார ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கலங்கல் வழிகின்றன. அந்த உபரி நீர் கடைசியில் வந்து சேரும் இடம் இது. வடகோடியில் ஓர் ஓடை வழியாக எடையந்திட்டுக் கழிமுகத்தையும், அதன் மூலம் வங்கக் கடலையும் தொடுகிறது. ஆகவே தெற்கே நன்னீர். வடக்கே போகப் போக உவர்ப்பு. மழை ஓய்ந்தபின் நீர் வற்ற வற்ற உவர்ப்பு ஏறும். கோடையில் பெரும்பகுதி காய்ந்து மாடு மேயும் வெளியாகிவிடும். ஒரே இடம், ஓராண்டுக்குள் ஏரியாகவும் உப்பங்கழியாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மூன்று வேடம் போடுகிறது. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

பறவை வல்லுநர்கள் இந்த இடத்தை வெகுநாட்களாக அறிவார்கள். 2004 இல் வெளியான இந்தியாவின் முக்கியப் பறவைத் தலங்களின் பட்டியலில் கழுவெளியும் எடையந்திட்டுக் கழிமுகமும் சேர்ந்து இடம் பெற்றன. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 5,151.60 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில், திருப்பூரின் நஞ்சராயன் குளத்தோடு சேர்த்து, இது ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது.

எவ்வளவு இடம் பார்க்கப்பட்டது?

முதல் கேள்வி மிக எளியது. மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

5,151.60 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 51.5 சதுர கிலோமீட்டர். கரையில் ஒருவர் முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்தி நிற்கிறார். அவருக்கு முன்னால் இருப்பது அரை வட்டம். நல்ல வெளிச்சத்தில், கானல் எழும்புமுன், 1 கிலோமீட்டர் வரை வாத்துகளை எண்ண முடிகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1 கி.மீ. ஆரமுள்ள அரை வட்டத்தின் பரப்பு 1.57 சதுர கி.மீ. அப்படியானால் 51.5 சதுர கி.மீ. முழுவதையும் ஒருமுறை பார்க்க, ஒன்றோடொன்று படாத 33 இடங்கள் வேண்டும். கொசு உள்ளான் போன்ற சிறு பறவைகளை ஒரு கிலோமீட்டரிலிருந்து இனம் பிரிக்க யாராலும் முடியாது. 500 மீட்டர் என்று குறைத்தால் அரை வட்டம் 0.39 சதுர கி.மீ. தான், இடங்களின் எண்ணிக்கை 131 ஆகிவிடுகிறது. அதுவும் தரையின் நடுப்பகுதி வரை போய் நிற்க வழி இருந்தால்.

சரணாலய எல்லைக்குள் எல்லா நாளும் எங்கும் தண்ணீர் நிற்பதில்லை. பறவைகளும் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஆகவே இந்தக் கணக்கு கரடுமுரடானதுதான். ஆனால் ஒன்று தெளிவாகிறது. ஐந்து இடங்களில் நின்று எண்ணினால், அதிகம் போனால் பரப்பில் ஏழில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறோம். ஐந்து இடங்களில் நின்று பார்ப்பதில் தவறேதுமில்லை. ஆண்டுதோறும் அதே ஐந்து இடங்கள் என்றால் மிகவும் பயனுள்ள வேலை அது. சென்ற ஆண்டு ஐந்து, இவ்வாண்டு ஒன்பது, தன்னார்வலர்கள் நிறையப் பேர் வந்ததால் அடுத்த ஆண்டு பதினைந்து என்று போனால்தான் தொல்லை. அப்போது கூடுவது பறவையா, பார்வையா?

இனங்களின் எண்ணிக்கைக்கும் இதே கதிதான். கண்கள் கூடினால் இனங்கள் கூடும். ஒருவர் பட்டியலில் விடுபட்ட பேதை உள்ளான் இன்னொருவர் பட்டியலில் ஏறிவிடும். ஆகவே இனங்கள் அதிகரித்தன என்ற செய்திக்கு, நல்ல கண் உள்ளவர்கள் அதிகமாக வந்தார்கள் என்பதற்கு மேல் பொருள் இல்லாமலும் போகலாம்.

நல்ல மழைக்குக் குறையும் எண்ணிக்கை

இரண்டாவது கேள்விதான் நம் பார்வையில் முதன்மையானது. அன்று தண்ணீர் எவ்வளவு இருந்தது?

நீர்ப்பறவை என்று ஒரே சொல்லால் சுட்டினாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழம் உண்டு. சிட்டுக்குருவியை ஒத்த எடையுள்ள கொசு உள்ளானுக்கு நனைந்த சேறும் அதன்மேல் ஓரிரு விரற்கடைத் தண்ணீரும் போதும். நெடுங்கால் உள்ளான் கணுக்கால், முழங்கால் அளவில் நடக்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கிக்கொண்டு அடியில் கிடைப்பதைத் தின்பவை. கழுத்துக்கு எட்டும் ஆழம்தான் அவற்றுக்குப் பயன். பூநாரை நீண்ட கால்களால் முக்கால் மீட்டர் வரை இறங்கும். கூழைக்கடாவுக்கு மீன் நீந்தும் நீர் வேண்டும்.

கழுவெளியின் தரை ஏறத்தாழச் சமதளம். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டால், நீர்மட்டம் வெறும் 10 செ.மீ. இறங்கினாலே கரையிலிருந்து 200 மீட்டர் அகலத்துக்குப் புதிய சேறு வெளிப்படும். முந்தைய வாரம் ஓர் உள்ளான்கூட இல்லாத இடத்தில் இந்த வாரம் ஆயிரக்கணக்கில் மொய்க்கலாம். அவை புதிதாக வந்தவை என்று கொள்ள வேண்டியதில்லை. பக்கத்து உப்பளத்தில் இருந்தவை இடம் மாறியிருக்கும்.

இதைவிட வேடிக்கையான ஒன்று உண்டு. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் திண்டிவனம், வானூர் வட்டாரத்து ஏரிகள் எல்லாம் நிரம்பி இருக்கும். வாத்துகள் அத்தனை ஏரிகளிலும் சிதறிவிடும். கழுவெளியிலோ தண்ணீர் ஆழம். உள்ளானுக்குச் சேறு கிடையாது. கணக்கெடுத்தால் எண்ணிக்கை குறையும். மழை பொய்த்த ஆண்டில் சிற்றேரிகள் மார்கழியிலேயே வற்றிவிட, எஞ்சிய நீர் இருக்கும் பெரிய பரப்புக்கு எல்லாப் பறவைகளும் வந்து குவியும். எண்ணிக்கை ஏறும். பறவைகளுக்கு நெருக்கடி முற்றிய ஆண்டில் நமக்கு மகிழ்ச்சியான தலைப்புச் செய்தி! ஒரு குடும்பத்தின் உறவினரெல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து ஒரே வீட்டில் தங்கியிருப்பதைப் பார்த்து, அந்த வீட்டில் மக்கட்பேறு பெருகிற்று என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது.

2016 இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தைக் கடுமையாக ஏமாற்றியது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. இந்த இரு மழைக்காலங்களை அடுத்து எடுக்கப்பட்ட கணக்குகளை, தண்ணீரின் அளவைச் சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்த்தால் கிடைப்பது மழையைப் பற்றிய செய்தியே தவிர பறவையைப் பற்றியதாகாது.

ஒரிசாவின், இன்றைய ஒடிசாவின், சில்கா ஏரியில் இது கண்கூடு. அங்கே 2021 ஜனவரியில் சுமார் 12 லட்சத்து 42 ஆயிரம் பறவைகள் எண்ணப்பட்டன; 2022 இல் சுமார் 10 லட்சத்து 74 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. ஆனால் அங்கே நளபாணத் தீவில் எவ்வளவு, மங்களாஜோடியில் எவ்வளவு என்று பகுதிவாரியாக எண்ணுகிறார்கள். அதனால் குறைந்தது எங்கே என்று பார்த்து, தண்ணீர் மட்டம் உயர்ந்து சேற்றுத்திட்டுகள் மூழ்கியிருந்ததை ஒரு காரணமாகச் சுட்ட முடிந்தது. ஒற்றை எண் மட்டும் இருந்திருந்தால் அந்த விளக்கத்துக்கே இடமில்லை.

நாளும் கையும்

மூன்றாவது, நாள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்ற பன்னாட்டு முயற்சி 1987 இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கியபோது ஜனவரியின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். வலசை வந்த பறவைகள் குளிர்கால இருப்பிடத்தில் ஓரளவு நிலைகொண்டிருக்கும் காலம் அது. வருவதும் போவதும் குறைவு. ரயில் நின்றிருக்கும்போது பயணிகளை எண்ணுவது எளிதல்லவா? தமிழக வனத்துறை மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் நடத்தும் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பு 2023 இல் ஜனவரிக் கடைசியில் நடந்தது; 2025 இல் மார்ச் இரண்டாம் வாரத்தில். மாநிலம் எங்கும் ஒரே நாளில் எண்ணுவது மிகச் சிறந்த ஏற்பாடு; ஒரே பறவையை இரண்டு ஏரிகளில் எண்ணும் அபாயம் அதனால் குறைகிறது. ஆனால் மார்ச்சுக்குள் வாத்துகளில் ஒரு பகுதி வடக்கே கிளம்பியிருக்கும். தெற்கே இலங்கையிலிருந்து திரும்பும் உள்ளான்கள் வழியில் இறங்கியிருக்கும். ஜனவரி எண்ணிலிருந்து மார்ச் எண்ணைக் கழிப்பது, பொங்கல் கூட்டத்தையும் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தையும் ஒப்பிட்டு ஊர் வளர்ந்ததா தேய்ந்ததா என்று பார்ப்பதற்குச் சமம்.

நான்காவது, எண்ணும் கை. ஆயிரக்கணக்கில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. முதலில் ஐம்பது பறவைகளைச் சரியாக எண்ணி, அந்த ஐம்பது பிடிக்கும் இடத்தை ஒரு படியாகக் கொண்டு, கூட்டம் எத்தனை படி என்று அளக்கிறார்கள். நெல் அளப்பதுபோலத்தான். பிரிட்டனில் கழிமுகப் பறவைகளைக் கணக்கிடும் பணியை நடத்தி வந்த பிரேட்டர் என்பவர், பழகிய கணக்கெடுப்பாளர்களிடமே பறவைக் கூட்டங்களின் படங்களைக் காட்டி மதிப்பிடச் சொல்லி, 1979 இல் முடிவை வெளியிட்டார். பெரிய கூட்டங்களை அவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடும் கணிசமாக இருந்தது.

இதைக் கேட்டவுடன், அப்படியானால் கணக்கெடுப்பே வீண் என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். அது தவறு. ஒரு தராசு எப்போதும் 50 கிராம் குறைத்துக் காட்டினாலும், குழந்தை வளர்கிறதா இல்லையா என்பதை அதே தராசு சரியாகவே சொல்லும். மாதத்துக்கு ஒரு தராசு மாற்றினால்தான் குழப்பம். பிழை இருப்பது குற்றமாகாது. பிழை ஆண்டுக்கு ஒரு விதமாக மாறுவதும், அது மாறியது குறிப்பேட்டில் பதிவாகாததும்தான் கணக்கைக் கெடுக்கின்றன.

படிவத்தில் இருந்தது எங்கே போயிற்று?

இவை எல்லாம் புதிதாக நாம் கண்டுபிடித்த குறைகள் அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் வட்டாரத்திலேயே இதற்கான பாடம் தொடங்கிவிட்டது. 1980களில் கிறிஸ்தியான் பெரனூ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் புதுச்சேரியைச் சுற்றிய ஈரநிலங்களில் நீர்ப்பறவைகளை ஆராய்ந்தார். அவரும் தமிழகப் பறவையியலாளர் வி. சாந்தாராமும் சேர்ந்து தென்கிழக்கு இந்தியாவின் சில ஈரநிலங்களைப் பற்றி எழுதிய ஆய்வு 1990 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. தலைப்பிலேயே 'சில ஈரநிலங்கள்' என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்ட ஆய்வு அது. ஓர் ஏரியைத் தனியாகப் பார்க்காமல் பல நீர்நிலைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற நோக்கு அதில் இருக்கிறது. நமக்கு இன்று வேண்டியதும் அதுவே.

அதே பெரனூ, டேஜ் முண்ட்கூர் முதலியவர்களோடு சேர்ந்து, ஆசியக் கணக்கெடுப்பின் 1987 முதல் 1991 வரையான முடிவுகளைத் தொகுத்து 1994 இல் பெரிய நூலாக வெளியிட்டார். மரக்காணத்துச் சேற்றை அறிந்த ஒருவர் ஆசியக் கண்டத்தின் கணக்கையும் தொகுத்திருக்கிறார் என்பது நம் மாவட்டத்து மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஆசியக் கணக்கெடுப்பின் படிவத்தைப் பார்த்தால் நாம் மேலே கேட்ட கேள்விகளில் பலவும் அதிலேயே இருக்கின்றன. தலத்தின் எவ்வளவு பகுதி பார்க்கப்பட்டது? நடந்தா, படகிலா? அன்றைய நிலைமை எப்படி? எண்ணியதா, மதிப்பிட்டதா? படிவம் தயாரித்தவர்கள் விவரம் அறிந்தவர்கள். படிவத்திலிருந்து செய்திக்குப் போகும் வழியில்தான் பத்தி பத்தியாக உதிர்ந்து, கடைசியில் ஒரு மொத்தமும் ஒரு இனத்தொகையும் மிஞ்சுகின்றன. பூச்சியங்கள் உதிர்வது இன்னும் மோசம். எந்த முனையில் ஊசிவால் வாத்து ஒன்றுகூட இல்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்பே. ஆனால் இல்லாததை யாரும் அறிவிப்பதில்லை.

நாடு தழுவிய அளவில் 2023 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை வேறு வழியில் சென்றது. தன்னார்வலர்கள் தந்த பட்டியல்களில் ஒரு பறவை எத்தனைக்கு எத்தனை பட்டியல்களில் இடம்பெற்றது என்ற விகிதத்தைக் கொண்டு ஏற்ற இறக்கம் பார்த்தார்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்திருப்பது தெரிய வந்தது. மொத்தத் தொகை இல்லாமலே போக்கைக் கணிக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தமிழகத்தில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இந்த வகைப் பட்டியல்களுக்கு வளம் சேர்க்கிறது. இருப்பினும் ஒரு குறிப்பிட்ட உப்பங்கழியில் மதகைத் திறப்பதா மூடுவதா என்ற கேள்விக்கு நாட்டு விகிதம் விடை சொல்லாது.

எண்ணை நம்பி எடுக்கும் முடிவுகள்

மதகைப் பற்றிய பேச்சு சும்மா எழவில்லை. மழைநீரைத் தேக்க வேண்டும், கடல்நீர் ஏறாமல் தடுக்க வேண்டும் என்பது உழவர்களின் விருப்பம். உவர்நீரில் வளரும் இறாலையும் மீனையும் நம்பி வாழ்கிறவர்களுக்குக் கடலோடு உள்ள தொடர்பு அறக்கூடாது. இரண்டும் நியாயம். தடுத்துத் தேக்கினால் தண்ணீர் ஆழமாகும், நன்னீராகும். நாமக்கோழியும் வாத்தும் கூடலாம், உள்ளானும் பூநாரையும் சேற்றை இழக்கலாம். மொத்த எண்ணிக்கை அப்படியே இருந்துகொண்டே உள்ளே இருக்கும் பறவைகள் முழுவதும் மாறிப்போக முடியும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் எந்த மாற்றமும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கழிமுகப் பக்கத்தில் அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் பகுதியில் திட்டமிடப்பட்ட மீன்பிடித் துறைமுகம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காயிற்று. இத்தகைய வழக்குகளில் இரு தரப்பும் பறவை எண்ணிக்கையைக் கையில் எடுப்பது உலகெங்கும் வழக்கம். எந்த முனையில், எந்த மாதத்தில், எந்த இனம் என்று பிரித்துக் காட்டாத எண், யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வளைக்கக்கூடிய கம்பி.

ராம்சார் உடன்படிக்கையே எண்ணைப் பற்றி எவ்வளவு கறாராக இருக்கிறது என்று பாருங்கள். 1971 இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உருவான இந்த உடன்படிக்கையில் இந்தியா 1982 இல் சேர்ந்தது. ஒரு தலத்தின் பன்னாட்டு முக்கியத்துவத்துக்கு அது வகுத்த அளவுகோல்களில் ஒன்று, 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளை அது 'வழக்கமாக' ஆதரிக்க வேண்டும் என்பது. வழக்கமாக என்ற சொல்லுக்கும் விளக்கம் உண்டு: போதிய விவரம் உள்ள பருவங்களில், அவை மூன்றுக்குக் குறையாமல் இருக்க, மூன்றில் இரண்டு பங்கு பருவங்களிலாவது அந்த எண் எட்டியிருக்க வேண்டும்; அல்லது குறைந்தது ஐந்தாண்டுகளின் உச்ச எண்களின் சராசரி அதை எட்ட வேண்டும். இன்னோர் அளவுகோல், ஒரு பறவையின் குறிப்பிட்ட வலசைத் தொகையில் 1 சதவீதத்தையாவது அந்தத் தலம் தாங்க வேண்டும் என்பது. இதற்கு மொத்தம் உதவாது. இனம் இனமாக வேண்டும். ஓராண்டு, ஒருநாள், ஒரு மொத்தம் என்ற நம் செய்தியால் இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

பிரிட்டனில் 1947 முதலே தன்னார்வலர்கள் குளிர்காலம் முழுவதும் மாதத்துக்கு ஒருமுறை குறித்த நாளில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். ஆசிரியர், தபால்காரர், ஓய்வுபெற்றவர் என்று எல்லாரும் அதில் உண்டு. அவர்களுடைய சிறப்பு துல்லியத்தைவிட விடாப்பிடியில் இருக்கிறது.

கழுவெளிக்கு அதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. தெற்கே நன்னீர்ப் பகுதியில் சில இடம், நடுவில் சில, வடக்கே ஓடையும் கழிமுகமும் சேரும் பக்கம் சில, மரக்காணம் உப்பளத்தில் ஒன்றிரண்டு. முனைகளை ஒருமுறை தேர்ந்தெடுத்துக் கல் நட்டுவிட வேண்டும். பிறகு யார் வந்தாலும் அந்தக் கல்லருகே நின்றுதான் எண்ண வேண்டும். கூடுதலாக ஆட்கள் வந்தால் கூடுதல் இடங்களைப் பார்க்கட்டும். ஆனால் அந்தக் கணக்கைத் தனித் தாளில் எழுதட்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒரு நாள். ஒவ்வொரு முனையிலும் செ.மீ. குறித்த ஓர் அளவுக் கம்பம். ஏரி மதகுகளில் நீர்மட்டம் பார்க்கக் கோடு போட்டிருப்பதைப் போல. உவர்ப்பைக் கண்டறிய, பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள நீரடர்த்திமானியே தொடக்கத்துக்குப் போதும். கடல்நீரில் எவ்வளவு மிதக்கிறது, ஏரி நீரில் எவ்வளவு என்று முன்னதாகவே குறித்துக்கொண்டால் நடுவில் உள்ளதை மதிப்பிடலாம்.

எல்லா இனங்களையும் தொடக்கத்திலேயே எண்ண முயல்வதும் வேண்டாம். ஊசிவால் வாத்து, நெடுங்கால் உள்ளான், பூநாரை, மீசை ஆலா, நாமக்கோழி. இந்த ஐந்தும் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். வெவ்வேறு ஆழத்தையும் உணவையும் நாடுபவை. ஐந்தின் ஏற்ற இறக்கத்தை நீர்மட்டத்தோடு ஒரே வரைபடத்தில் போட்டால், மூன்று மழைக்காலங்களுக்குள் கழுவெளி எப்படி இயங்குகிறது என்பது ஓரளவு புலப்படத் தொடங்கும். சிறு உள்ளான்களை இனம் பிரிக்க முடியாவிட்டால் 'சிறு உள்ளான்' என்றே எழுதலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

குறிப்பேடுகள் அலுவலக அலமாரியில் தூங்கக் கூடாது என்பது கடைசி வேண்டுகோள். முனைவாரியான எண்களை, பூச்சியங்களையும் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை தமிழில் அச்சிட்டுத் திண்டிவனம், விழுப்புரம், மரக்காணம் நூலகங்களில் வைத்தால் கல்லூரி மாணவர்கள் தாமே வரைபடம் போட்டுப் பார்ப்பார்கள். அதே நாளில் விழுப்புரம் மாவட்டமும் புதுச்சேரியும் பங்கிட்டுக்கொள்ளும் ஊசுட்டேரியிலும், வழியில் உள்ள பெரிய ஏரிகள் சிலவற்றிலும் ஆளுக்கு ஒரு குழு நிற்க முடிந்தால், கழுவெளியில் குறைந்த வாத்துகள் அடுத்த ஏரிக்குப் போயினவா, வரவே இல்லையா என்பதும் அன்று மாலையே தெரிந்துவிடும்.